எக்ஸ்பேட் ரெஃபரன்ஸை எப்படி எழுதுறது, எப்படி சரி பண்றது: அடிக்கடி வர்ற கேள்விகள்

எக்ஸ்பேட்ங்கிறது எக்ஸ்எம்எல் ஃபைலை (டேக் போட்டு டேட்டாவை எழுதி வெக்கிற ஃபைல்) மொத்தமா மெமரில ஏத்தாம, படிக்கப் படிக்க "இந்த டேக் ஆரம்பிச்சுது, இந்த டெக்ஸ்ட் வந்துச்சு, இந்த டேக் முடிஞ்சுது"ன்னு உங்க ஃபங்ஷனைக் கூப்பிட்டுச் சொல்ற லைப்ரரி. வேலைல அதுக்கு மேல ஒரு ரேப்பர் (அதைச் சுத்தி நாங்க எழுதின எங்க சொந்த ஃபங்ஷன்கள்) போட்டோம், அந்த ரேப்பருக்கு ரெஃபரன்ஸ், அதாவது எந்த ஃபங்ஷன் என்ன பண்ணும்னு சொல்ற பக்கம், எழுதுற வேலை யாரும் கை தூக்காததால எனக்கு வந்து சேந்துச்சு. எழுதினதுக்கப்புறமும் டீம்ல புதுசா வர்றவங்க அதே கேள்வியத்தான் கேட்டாங்க, அப்பத்தான் தப்பு அவங்க மேல இல்ல பக்கத்து மேலன்னு புரிஞ்சுது. அந்தக் கேள்விகளும், பக்கத்தைத் திரும்ப எழுதினப்ப நான் கத்துக்கிட்டதும்தான் கீழ இருக்கு. ஃபங்ஷன் பேரையெல்லாம் முன்னாடி வர்ற எக்ஸ்எம்எல் அண்டர்ஸ்கோரை விட்டுட்டு தமிழ்லயே எழுதிட்டேன், ஹெடர் ஃபைலைத் (லைப்ரரியோட ஃபங்ஷன் பட்டியல் இருக்கிற ஃபைல்) திறந்தா எது எதுன்னு உடனே தெரிஞ்சிரும்.

எக்ஸ்பேட் யார் எழுதினது, இன்னும் யாராவது யூஸ் பண்றாங்களா?

ஜேம்ஸ் கிளார்க் 1997-ல ஆரம்பிச்சது, சி மொழில. எக்ஸ்எம்எல் 1.0 ஸ்டாண்டர்டே 1998 பிப்ரவரிலதான் வெளிய வந்துச்சு, அந்த ஸ்டாண்டர்டை எழுதின குழுவுக்கு டெக்னிக்கல் லீடும் அவர்தான், அதனால ஸ்டாண்டர்டும் பார்சரும் (எக்ஸ்எம்எல்லைப் படிச்சுப் பிரிக்கிற ப்ரோக்ராம், இங்க எக்ஸ்பேட்) கூடப் பொறந்த மாதிரி. பைதான் கூடவே வருது, பெர்ல்ல இருக்கிற எக்ஸ்எம்எல் பார்சர் மாட்யூலுக்கு அடியில இதுதான், ஃபயர்ஃபாக்ஸ் உள்ளயும் இருக்கு. நீங்க நேர்ல தொட்டிருக்க மாட்டீங்க, ஆனா உங்க மெஷின்ல பெரும்பாலும் ஓடிட்டிருக்கும்.

அதுக்குத்தான் ரெஃபரன்ஸ் ஏற்கனவே இருக்கே, அப்புறம் என்ன?

இருக்கு, மோசமும் இல்ல. 1999-ல ஒரு வெப் பத்திரிகைல வந்த கட்டுரைலேர்ந்து வளந்த பக்கம் அது, கையால எழுதின எச்டிஎம்எல். நாலு ஃபங்ஷன் தெரிஞ்சா 90 சதவீத வேலை முடிஞ்சிரும்னு ஆரம்பத்துலயே சொல்லிரும், அது உண்மையும் கூட: பார்சர் க்ரியேட், செட் எலிமென்ட் ஹேண்ட்லர், செட் கேரக்டர் டேட்டா ஹேண்ட்லர், பார்ஸ். (ஹேண்ட்லர்னா எக்ஸ்பேட் கூப்பிடுற உங்க ஃபங்ஷன், எலிமென்ட்னா ஆரம்ப டேக்லேர்ந்து முடிவு டேக் வரைக்கும் உள்ளது.)

பிரச்சனை என்னன்னா எக்ஸ்பேட்டுக்கு மேல ரேப்பர் எழுதுறவங்க (நானும்தான்) அந்தப் பக்கத்துலேர்ந்து ஃபங்ஷன் பேரையும் ஆர்க்யுமென்ட்டையும் மட்டும் எடுத்துக்கிட்டு, எச்சரிக்கையா எழுதியிருந்த வரிகளை விட்டுர்றோம். எங்க பழைய பக்கத்துல கேரக்டர் டேட்டா ஹேண்ட்லருக்கு இருந்தது மொத்தமே ஒரு வரி: "டெக்ஸ்ட் வரும்போது கூப்பிடப்படும்". அந்த ஒரு வரியால நான் ஒரு ராத்திரி முழுக்க தூங்கல, அந்தக் கதை கீழ வருது.

ஈவென்ட் பார்சருக்கு எழுதுறது மட்டும் ஏன் வேற மாதிரி இருக்கணும்?

சாதாரண லைப்ரரில நீங்க கூப்பிடுறீங்க, அது பதில் சொல்லுது, கதை முடிஞ்சுது. இங்க பார்ஸைக் கூப்பிட்டதும் கண்ட்ரோல் அது கைக்குப் போயிருது, அதுக்கப்புறம் அதுதான் உங்களைக் கூப்பிடும். கல்யாணப் பந்தில உக்காந்த மாதிரி. என்னென்ன பதார்த்தம்னு லிஸ்ட் தெரிஞ்சா மட்டும் பத்தாது, சாம்பார் எத்தனை தடவை வரும், பாயாசம் எதுக்கப்புறம் வரும், இலைய எப்ப எடுப்பாங்க, இதெல்லாம் தெரிஞ்சாத்தான் நிம்மதியா சாப்பிட முடியும்.

ஹேண்ட்லர் என்ட்ரி எழுதும்போதும் அதேதான். எப்ப கூப்பிடும், எத்தனை தடவை கூப்பிடும், எதுக்கு முன்னாடி எதுக்குப் பின்னாடி, கையில குடுத்த பாயின்டர் (டேட்டா மெமரில எங்க இருக்குன்னு காட்டுற முகவரி) எதுவரைக்கும் செல்லும், உள்ள இருந்துக்கிட்டு எந்த ஃபங்ஷனைத் தொடக்கூடாது. ஆர்க்யுமென்ட் டைப் எல்லாம் ஹெடர் ஃபைல்லயே இருக்கு, அதைத் திரும்ப எழுதி யாருக்கு என்ன லாபம், இந்த அஞ்சு விஷயம் ஹெடர்ல இல்ல, அதைத்தான் நாம எழுதணும்.

டெக்ஸ்ட் ஏன் துண்டு துண்டா வருது? எக்ஸ்பேட்ல ஏதாவது கோளாறா?

இல்ல. இதுதான் நம்பர் ஒன் கேள்வி, இதுக்குத்தான் அந்த ராத்திரி தூக்கம் போச்சு.

ஒரு கடையோட பொருள் லிஸ்ட் எக்ஸ்எம்எல்லா வரும், அதை டேட்டாபேஸ்ல ஏத்தணும். ஹேண்ட்லர்ல வந்த டெக்ஸ்ட்டை அப்படியே பேர்ங்கிற ஃபீல்டுல போட்டேன். ஆயிரக்கணக்குல பொருள், எல்லாம் சரியா ஏறுச்சு, ஒரு சிலது மட்டும் பாதி பேரோட நிக்குது. "டீ & காபி" வெறும் "காபி" ஆயிருச்சு. என்கோடிங் பிரச்சனைன்னு நெனச்சு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் டேட்டாபேஸ் செட்டிங்கை நோண்டிட்டிருந்தேன், அது பாவம் ஒண்ணுமே பண்ணல.

ஃபைல்ல இருந்தது இதுதான் (& குறிய எக்ஸ்எம்எல்ல அப்படியே எழுதக்கூடாது, எஸ்கேப் பண்ணித்தான் எழுதியிருந்தாங்க, இங்க படிக்க ஈஸியா காட்டுறேன்):

<பெயர்>டீ & காபி</பெயர்>

இதுக்கு எக்ஸ்பேட் கேரக்டர் டேட்டா ஹேண்ட்லரை மூணு தடவை கூப்பிடுது. முதல் தடவை "டீ" கூட ஒரு ஸ்பேஸ், நீளம் 7 பைட். ரெண்டாவது தடவை "&" மட்டும், நீளம் 1. மூணாவது தடவை ஸ்பேஸோட " காபி", நீளம் 13. தமிழ்ல ஒவ்வொரு யூனிகோட் குறியும் யூடிஎஃப் 8-ல 3 பைட், "டீ"ன்னா ட ஒண்ணு, ஈகாரக் குறி ஒண்ணு, ஆக 6, ஸ்பேஸ் 1. நான் ஒவ்வொரு தடவையும் ஃபீல்டுல எழுதினேன், சேக்கல, அதனால கடைசித் துண்டு மட்டும் மிஞ்சுச்சு.

& மட்டும் இல்ல. டெக்ஸ்ட் நடுவுல வரி மாறினா அந்த வரி முடிவு தனியா ஒரு தடவை வரும். நீங்க ஃபைலை 4096 பைட் 4096 பைட்டா ஊட்டினா, அந்த எல்லைல எந்த வார்த்தை மாட்டுதோ அது ரெண்டா உடையும். இந்த கடைசி வகைதான் கொடுமை, ஏன்னா டெஸ்ட் ஃபைல் சின்னதா இருக்கும், ஒரே பஃபர்ல (ஒரு தடவை ஊட்டுற துண்டுல) முடிஞ்சிரும், அங்க பிரச்சனையே தெரியாது, ப்ரொடக்ஷன்ல பெரிய ஃபைல் வரும்போதுதான் எங்கயோ ஒரு பேர் உடையும், அடுத்த நாள் ஃபைல்ல ஒரு வரி கூடினா வேற பேர் உடையும்.

எக்ஸ்பேட்டோட சொந்த ரெஃபரன்ஸ்ல இது தெளிவா இருக்கு: மார்க்கப் இல்லாத தொடர்ச்சியான டெக்ஸ்ட்டா இருந்தாலும் பல தடவை கூப்பிடலாம், ஸ்ட்ரிங்கோட கடைசில பூஜ்ஜிய பைட் இருக்காது, நீளத்தைப் பாத்துத்தான் எடுக்கணும்னு. எங்க பக்கத்துலதான் அது காணாமப் போச்சு.

சரி, அந்த என்ட்ரிய நீங்க திரும்ப எப்படி எழுதினீங்க?

இப்ப இருக்கிறது ஏறக்குறைய இப்படி:

"ஒரு எலிமென்ட்டுக்குள்ள இருக்கிற டெக்ஸ்ட்டை ஒண்ணு அல்லது அதுக்கு மேல எத்தனை தடவை வேணாலும் இந்த ஹேண்ட்லருக்கு அனுப்புவோம். எங்க உடையும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. முழு டெக்ஸ்ட் வேணும்னா ஸ்டார்ட் ஹேண்ட்லர்ல பஃபரைக் காலி பண்ணுங்க, இங்க சேத்துக்கிட்டே வாங்க, எண்ட் ஹேண்ட்லர்ல எடுத்து யூஸ் பண்ணுங்க. ஸ்ட்ரிங் பூஜ்ஜியத்துல முடியாது, நீளத்தைப் பாருங்க. ஹேண்ட்லர் திரும்பினதும் இந்தப் பாயின்டர் செல்லாது."

கீழ அந்த டீ காபி உதாரணத்தை மூணு வரில போட்டோம். இதுல ஒரு இக்கட்டு இருக்கு, யோசிச்சுத்தான் முடிவு பண்ணினோம். மூணு தடவைன்னு எழுதிட்டா, நாளைக்கு எவனாவது "& வந்தா தனியா வரும்னு டாக்ல (டாகுமென்டேஷன்ல) போட்டிருக்கு"ன்னு அதை நம்பி கோடு எழுதுவான். எழுதாம விட்டா படிக்கிறவனுக்கு விஷயம் மண்டைல ஏறாது. அதனால உதாரணத்துக்கு மேலயே "இது இன்னைக்கு நடக்கிற விதம், வாக்குறுதி இல்ல"ன்னு ஒரு வரி. வாக்குறுதி எது, தற்செயல் எது, இதைப் பிரிச்சுச் சொல்றது ரெஃபரன்ஸ் எழுதுறதுல பாதி வேலை.

இன்னொண்ணு, மேல சொன்ன ரெசிப்பிலயும் ஓட்டை இருக்குன்னு ரிவ்யூல ஒருத்தர் புடிச்சார். எலிமென்ட்டுக்குள்ள டெக்ஸ்ட், நடுவுல வேற எலிமென்ட், திரும்ப டெக்ஸ்ட் வந்தா, உள் எலிமென்ட்டோட ஸ்டார்ட் ஹேண்ட்லர் வெளி பஃபரைக் காலி பண்ணிரும். அப்படிப்பட்ட ஃபைலுக்கு ஸ்டாக் (எலிமென்ட்டுக்கு ஒரு பஃபரா ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வெக்கிறது) வேணும். அதையும் சேத்தோம்.

தமிழ் எழுத்து நடுவுல உடைஞ்சா என்ன ஆகும்?

ரெண்டு விதமா பாக்கணும். ஒரு குறியோட 3 பைட்டுக்கு நடுவுல பஃபர் முடிஞ்சா, எக்ஸ்பேட் அந்த அரைகுறை பைட்டை வெச்சுக்கிட்டு அடுத்த பஃபர் வந்தப்புறம் முழுசாத்தான் குடுக்கும். அதனால ஓட்டை பைட் உங்க கைக்கு வராது.

ஆனா "கி"ங்கிறது நமக்குத்தான் ஒரே எழுத்து, யூனிகோட்ல அது க ஒண்ணு, இகரக் குறி ஒண்ணு, ரெண்டு குறி. எல்லை இது ரெண்டுக்கும் நடுவுல விழுந்தா, முதல் தடவை க-ல முடியும், அடுத்த தடவை தனி இகரக் குறில ஆரம்பிக்கும். சேத்து வெச்சா ஒண்ணுமில்ல. துண்டு வர வர லாக்ல பிரிண்ட் பண்ணினாலோ, துண்டுக்குத் துண்டு எழுத்து எண்ணினாலோதான் புள்ளி வட்டத்தோட தனிக் குறி நிக்கும், உடனே "எக்ஸ்பேட்டுக்குத் தமிழ் தெரியல"ன்னு டிக்கெட் போடுவாங்க. எங்களுக்கு ரெண்டு வந்துச்சு.

அட்ரிபியூட் பாயின்டரை ஸ்டோர் பண்ணி வெச்சுக்கலாமா?

கூடாது. காப்பி எடுத்துக்கோங்க. ஸ்டார்ட் ஹேண்ட்லருக்குப் பேர், மதிப்பு, பேர், மதிப்புன்னு வரிசையா ஒரு அரே வரும், கடைசில நல். அது எல்லாம் எக்ஸ்பேட்டோட உள் மெமரி, ஹேண்ட்லர் திரும்பினதும் அடுத்த டேக்குக்கு அதே இடத்தைத் திரும்ப யூஸ் பண்ணிக்கும். பந்தில எந்திரிச்சு கை கழுவப் போயிட்டு வந்தா இலை இருக்காது, அதே கதைதான்.

இதுல என்ன மோசம்னா உடனே கிராஷ் ஆகாது. ஒரே ஒரு எலிமென்ட் இருக்கிற டெஸ்ட் ஃபைல்ல சரியாவே வரும். அதனால "பாயின்டர் எதுவரைக்கும் செல்லும்"ங்கிற வரி ஒவ்வொரு ஹேண்ட்லர் என்ட்ரிலயும் தனித்தனியா இருக்கணும்னு நான் பிடிவாதமா நின்னேன். ஆரம்பத்துல பொதுவா ஒரு தடவை சொன்னா போதாதான்னு கேட்டாங்க. ரெஃபரன்ஸை யாரும் மொதல்லேர்ந்து படிக்க மாட்டாங்க, தேடி அந்த என்ட்ரிக்கு நேரா வந்து குதிப்பாங்க.

தலைகீழா இருக்கிற கேஸும் உண்டு. டிடிடில (எந்த எலிமென்ட்டுக்குள்ள எது வரலாம்னு சொல்ற பகுதி) எலிமென்ட் டிக்ளரேஷனுக்கு வர்ற ஹேண்ட்லர்ல குடுக்கிற கன்டென்ட் மாடலை நீங்கதான் ஃப்ரீ கன்டென்ட் மாடலைக் கூப்பிட்டு விடுவிக்கணும், ஹேண்ட்லருக்குள்ளயே பண்ணணும்னு இல்ல, அப்புறமாவும் பண்ணலாம். ஒரே லைப்ரரில ஒரு இடத்துல "தொடாதே", இன்னொரு இடத்துல "நீதான் க்ளீன் பண்ணணும்". இதையெல்லாம் ஊகிக்கச் சொல்றது நியாயமே இல்ல.

பார்ஸ் 0 குடுக்குது, அப்ப சக்ஸஸ்தானே?

ஃபெயிலியர். சி-ல நிறைய ஃபங்ஷன் 0 குடுத்தா சக்ஸஸ், அந்தப் பழக்கம் கைல ஊறிப் போயிருக்கும். இங்க 0 எரர், 1 ஓகே, 2 பாதில நிறுத்தி வெச்சிருக்கு. நம்பரை நம்பாம ஸ்டேட்டஸ் பேரை வெச்சு கம்பேர் பண்ணுங்க. டாக்ல இது என்ட்ரியோட மொதல் வரிலயே இருக்கணும், அஞ்சாவது பத்தில இல்ல.

பார்ஸோட கடைசி ஆர்க்யுமென்ட்ல 1 போடணுமா, விட்டா என்ன ஆகும்?

போடணும். "இதுதான் கடைசித் துண்டு"ன்னு எக்ஸ்பேட்டுக்குச் சொல்ற ஒரே வழி அதுதான். போடலைன்னா பாதில அறுந்த ஃபைலும் சத்தமில்லாம பாஸாயிரும், ஏன்னா அது இன்னும் பாக்கி வரும்னு காத்துட்டிருக்கு. கடைசி துண்டு எதுன்னு முன்னாடியே தெரியலைன்னா, எல்லாம் முடிஞ்சப்புறம் நீளம் 0 குடுத்து ஒரு தடவை கூப்பிடுங்க, அது அனுமதிச்சதுதான்.

எரர் மெசேஜ் ஏன் சம்பந்தமே இல்லாம இருக்கு?

எரர் மெசேஜ் லிஸ்ட் எல்லா ரெஃபரன்ஸ்லயும் இருக்கும், ஆனா அதுக்கு என்ன அர்த்தம்னு யாரும் எழுத மாட்டாங்க. ஜனங்க கூகுள்ல தேடுறது அந்த வரியத்தான், ஃபங்ஷன் பேரை இல்ல. நான் எழுதினதுல அதிகமா படிச்ச பகுதியும் அதுதான்.

"நோ எலிமென்ட் ஃபவுண்ட்"னு வரும். காலி ஃபைல் குடுத்தா இது வரும், சரி. ஆனா பத்தாயிரம் எலிமென்ட் இருக்கிற ஃபைல் பாதில அறுந்து போயிருந்தாலும் இதே வரலாம். புதுசா வந்த பையன் "எலிமென்ட் இருக்கே, ஏன் இல்லங்குது"ன்னு ஒரு மதியம் முழுக்க உக்காந்திருந்தான், டவுன்லோட் பாதில நின்னதை யாரும் பாக்கல.

"ஜங்க் ஆஃப்டர் டாக்குமென்ட் எலிமென்ட்"னா ரூட் எலிமென்ட் முடிஞ்சப்புறம் வேற ஏதோ இருக்கு, பெரும்பாலும் ரெண்டு எக்ஸ்எம்எல்லை ஒரே ஃபைல்ல ஒட்டியிருப்பாங்க. எக்ஸ்எம்எல் டிக்ளரேஷன் ஆரம்பத்துல இல்லன்னு திட்டினா மேல ஒரு வெத்து வரி இருக்கும், அவ்ளோதான். "இன்வேலிட் டோக்கன்"னா மொதல்ல எஸ்கேப் பண்ணாத & இருக்கான்னு பாருங்க.

வரி நம்பர், காலம் நம்பர் (வரிக்குள்ள எத்தனாவது இடம்) பத்தி ஒரு வார்த்தை. வரி 1-லேர்ந்து ஆரம்பிக்குது, காலம் 0-லேர்ந்து. எடிட்டர்ல காலம் பொதுவா 1-லேர்ந்து காட்டும், அதனால ஒண்ணு தள்ளி நிக்கும். இது ஒரே ஒரு வரி, ஆனா எழுதாம விட்டா வருஷத்துக்கு அஞ்சு பேர் கேப்பாங்க.

ஹேண்ட்லருக்குள்ள இருந்து என்ன பண்ணக்கூடாது?

பார்சரையே ஃப்ரீ பண்ணக்கூடாது, அதே பார்சருக்குத் திரும்பவும் பார்ஸைக் கூப்பிடக்கூடாது. நிறுத்தணும்னா ஸ்டாப் பார்சர் இருக்கு. அதைக் கூப்பிட்டதும் அப்படியே உறைஞ்சு நின்னுரும்னு நெனைக்காதீங்க, உள்ளடக்கம் இல்லாத காலி எலிமென்ட்டோட ஸ்டார்ட் ஹேண்ட்லர்ல நிறுத்தினா அதோட எண்ட் ஹேண்ட்லர் இன்னும் வரலாம். டாக் எழுதும்போது "கூடாது"ன்னு மட்டும் போடாம, பதிலுக்கு எதைக் கூப்பிடணும்னும் போடுங்க.

ரீசெட் பத்தியும் இங்கயே சொல்லிர்றேன்: பார்சர் ரீசெட் பண்ணினா நீங்க போட்ட ஹேண்ட்லர் எல்லாம் போயிரும், தெரியாத என்கோடிங்குக்கான ஹேண்ட்லர் மட்டும்தான் தங்கும். ரீசெட் பண்ணிட்டு "ஈவென்ட்டே வரல, எரரும் வரல"ன்னு தேடினவங்க நிறைய.

வெர்ஷன் அப்டேட் பண்ணினதும் ஈவென்ட் லேட்டா வருதே?

2.6.0-ல வந்த மாற்றம், 2024 பிப்ரவரில. ஒரு பெரிய டோக்கன், அதாவது ரொம்ப நீளமான ஒரே டேக் மாதிரி ஒண்ணு, சின்னச் சின்னத் துண்டா வந்தா, பழைய எக்ஸ்பேட் ஒவ்வொரு துண்டுக்கும் அந்த டோக்கனை மொதல்லேர்ந்து ஸ்கேன் பண்ணும். நீளம் ரெண்டு மடங்கானா நேரம் நாலு மடங்கு. வேணும்னே அப்படி அனுப்பி சர்வரைப் படுக்க வைக்கலாம். இதுக்கு மருந்தா, டோக்கன் முடியலைன்னா சேந்திருக்கிற டேட்டா ஏறக்குறைய இரட்டிப்பாகுற வரைக்கும் திரும்ப முயற்சி பண்ணாம தள்ளிப் போட ஆரம்பிச்சாங்க.

நல்ல மருந்துதான், ஆனா பக்க விளைவு உண்டு. "நான் கடைசி பைட்டைக் குடுத்ததும் ஈவென்ட் வந்துரும்"னு நம்பி நெட்வொர்க்ல ஸ்ட்ரீம் படிச்சவங்களுக்கு ஈவென்ட் தாமதமாச்சு. பைதான்லயும் இதுக்காகவே ஃப்ளஷ்னு புது மெத்தட் சேத்தாங்க. எக்ஸ்பேட்ல தள்ளிப்போடுறதை அணைக்க செட் ரீபார்ஸ் டிஃபெரல் எனேபிள்டுன்னு ஃபங்ஷன் இருக்கு, ஆனா அணைச்சா பழைய ஆபத்தும் திரும்ப வரும், யார் அனுப்புற டேட்டான்னு பாத்துக்கோங்க.

ரெஃபரன்ஸ் எழுதுறவனுக்கு இதுல என்ன இருக்குன்னா, ஈவென்ட் உடனே வரும்னு எங்க பக்கத்துல எங்கயும் எழுதல, ஆனா உடனே வராதுன்னும் எழுதல. எழுதாத இடத்தை எல்லாரும் அவங்கவங்க பாத்த அனுபவத்தை வெச்சு நிரப்பிக்கிட்டாங்க. இப்ப பார்ஸ் என்ட்ரில "இந்தக் கூப்பாட்டுல குடுத்த டேட்டாவுக்கான ஈவென்ட் அடுத்த கூப்பாட்டுல வரலாம், கடைசித் துண்டுன்னு சொன்னப்புறம் பாக்கி எதுவும் இருக்காது"ன்னு போட்டிருக்கு.

செக்யூரிட்டி லிமிட் பத்தியெல்லாம் ரெஃபரன்ஸ்ல எவ்ளோ எழுதணும்?

டிஃபால்ட் என்ன, அது எதை எண்ணுது, எப்ப வேலை செய்ய ஆரம்பிக்கும், இது போதும். 2.4.0 இதை நல்லா பண்ணியிருக்கு, 2021 மேல வந்தது. பில்லியன் லாஃப்ஸ்னு ஒரு அட்டாக், ஒரு என்டிட்டிக்குள்ள (ஒரு டெக்ஸ்ட்டுக்கு வெச்ச சுருக்கப் பேர்) பத்து என்டிட்டி, அது ஒவ்வொண்ணுக்குள்ளயும் பத்துன்னு அடுக்கி, ஒரு கேபிகூட இல்லாத ஃபைல் விரியும்போது நூறு கோடி துண்டாயிரும். அதுக்குத் தடுப்பு: உள்ள வந்த பைட்டுக்கும் விரிஞ்சு வந்ததையும் சேத்த மொத்தத்துக்கும் இருக்கிற விகிதம் 100-ஐத் தாண்டினா எரர், ஆனா மொத்தம் 8 மெபிபைட்டைத் தொட்டப்புறம்தான் கணக்கே பாக்கும். ரெண்டு நம்பர், எதை எதால வகுக்கணும்னு ஒரு வரி. "பாதுகாப்பு மேம்படுத்தப்பட்டுள்ளது"ன்னு எழுதியிருந்தா யாருக்குப் புரிஞ்சிருக்கும்?

"எந்த வெர்ஷன்ல வந்தது"ங்கிறதும் என்ட்ரிக்கு என்ட்ரி வேணும். லினக்ஸ் டிஸ்ட்ரோக்கள் வெர்ஷன் நம்பரை ஏத்தாம ஃபிக்ஸை மட்டும் பழசுல ஒட்டுவாங்க, அதனால வெர்ஷன் நம்பரை மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்கன்னும் கூடவே போடணும்.

நான் பைதான்லதான் எழுதுறேன், இதெல்லாம் எனக்கு எதுக்கு?

பாயின்டர் கதை உங்களுக்கு இல்ல, துண்டு கதை அப்படியே இருக்கு. பைதான்ல பஃபர் டெக்ஸ்ட்னு ஒரு செட்டிங் இருக்கு, அதை ஆன் பண்ணினா முடிஞ்சவரைக்கும் சேத்துக் குடுக்கும், டிஃபால்ட்டா ஆஃப். "முடிஞ்சவரைக்கும்"ங்கிற வார்த்தைய கவனிங்க. சாக்ஸ் (பைதான்ல இதே மாதிரி ஈவென்ட்டா குடுக்கிற இன்னொரு எக்ஸ்எம்எல் முறை) யூஸ் பண்ணினாலும் கேரக்டர்ஸ் மெத்தட் பல தடவை வரலாம்னு அதோட டாக்லயே இருக்கு.

கோடுலேர்ந்து ஆட்டோமேட்டிக்கா ரெஃபரன்ஸ் எடுக்கிற டூல் போட்டா போதாதா?

டூல் மேல எனக்கு கோவம் இல்ல, சிக்னேச்சர் மாறினா பக்கமும் மாறும், அது நல்லதுதான். ஆனா அது குடுக்கிறது ஹெடர் ஃபைலைக் கலர் அடிச்ச மாதிரி ஒரு பக்கம். எல்லா என்ட்ரியும் ரொம்பின மாதிரி தெரியும், உள்ள ஒண்ணும் இருக்காது, காலியா இருந்தாலாவது யாராவது எழுதுவாங்க. டூல் போடுங்க, ஆனா மேல சொன்ன அஞ்சு விஷயமும் கமெண்ட்ல இருந்தாத்தான் மெர்ஜ்னு ரூல் வெச்சுக்கோங்க.

உதாரண கோடு சரியா இருக்கான்னு எப்படி செக் பண்றது?

உதாரணத்தைத் தனி ஃபைலா வெச்சு பில்டுல கம்பைல் பண்ணுங்க, பக்கத்துல காப்பி பேஸ்ட் பண்ணி வெச்சா ஒரு வருஷத்துல கெட்டுரும். அப்புறம் ஒரு டெஸ்ட்: அதே ஃபைலை ஒரு தடவை மொத்தமா குடுங்க, இன்னொரு தடவை ஒவ்வொரு பைட்டா குடுங்க, ரெண்டு ரிசல்ட்டும் ஒண்ணா இருக்கணும். எக்ஸ்பேட்டோட சொந்த டெஸ்ட்லயே ஒவ்வொரு பைட்டா ஊட்டுறது உண்டு. எங்க உதாரணத்தை அப்படி ஓட்டினப்ப ஆறுல நாலு ஃபெயில். ஜனங்க காப்பி அடிக்கிற கோடே தப்பு, அவங்களை என்ன சொல்ல.

டேக் பேரைத் தமிழ்ல வெச்சா எக்ஸ்பேட் ஏத்துக்குமா?

ஏத்துக்கும், மேல பெயர்னு வெச்ச டேக்கே அதுக்கு சாட்சி. ஆனா எக்ஸ்பேட் ஃபாலோ பண்றது எக்ஸ்எம்எல் 1.0-வோட நாலாம் பதிப்பு, அதுல டேக் பேருக்கு எந்தெந்த எழுத்து வரலாம்னு ஒரு பட்டியல் இருக்கு. ஶ-ங்கிற எழுத்து யூனிகோட்ல 2005-லதான் சேந்துச்சு, பட்டியல் அதுக்கு முந்தினது, அதனால ஶ இருக்கிற டேக் பேரை எக்ஸ்பேட் ஒத்துக்காது. 2008-ல வந்த அஞ்சாம் பதிப்பு பட்டியலைத் தளர்த்திருச்சு, அதன்படி சரிதான். டெக்ஸ்ட்டுக்குள்ள ஶ வர்றதுக்கு எந்தத் தடையும் இல்ல. ரீட்மீல "நாலாம் பதிப்பு"ன்னு ஒரு வார்த்தை இருக்கும், அதோட அர்த்தம் இதுதான்.

நானும் ஒரு பேட்ச் அனுப்பலாம்னு இருக்கேன், எங்கேர்ந்து ஆரம்பிக்க?

உங்களை அரை நாள் முழிக்க வெச்ச ஒரே ஒரு ஃபங்ஷனை எடுங்க, அதோட என்ட்ரில எந்த வரி இருந்திருந்தா முழிச்சிருக்க மாட்டீங்களோ அந்த வரிய மட்டும் எழுதி கிட்ஹப்ல அனுப்புங்க. மொத்தப் பக்கத்தையும் ஒழுங்குபடுத்துறேன்னு ஐநூறு வரி டிஃப் அனுப்பினா யாரும் ரிவ்யூ பண்ண மாட்டாங்க, நானே பண்ண மாட்டேன். எழுதினது உண்மையான்னு சோர்ஸைத் திறந்து பாத்துட்டு, ஒரு சின்ன ப்ரோக்ராமும் ஓட்டிப் பாருங்க. ஹெடிங்கை மாத்தினாலும் அதுல இருக்கிற ஆங்கர் பேரை (லிங்க் நேரா வந்து நிக்கிற இடத்தோட பேர்) மட்டும் தொடாதீங்க, வெளிய எத்தனையோ பழைய பதில்கள் அந்த ஆங்கருக்கு லிங்க் குடுத்திருக்கும். நான் ஒரு தடவை அழகா இருக்கட்டும்னு மாத்தி, எங்க இன்டர்னல் விக்கில இருந்த லிங்க்கையெல்லாம் ஒண்ணொண்ணா திரும்ப ஒட்டினேன், ரெண்டு சனிக்கிழமை போச்சு.